வெள்ளையடித்த டயர்

சாலோமியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் இந்தப் பேட்டையில் கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வருடம் அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். ஆறு வருடம் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். யார் சந்தேகம் சரி என்பதைக் கடைசிவரை மூடி வைத்து இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் சந்தேகம்தான் சரி.

என் பெயர் கனி. சேரன்மாதேவி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர், காற்று, புது டயர் எல்லாம் உண்டு. கோபமும் உண்டு. "கம்ப்ரஸரை அணைச்சாச் சத்தம் நின்னுரும், உங்களை எங்கன அணைக்கது?" என்று என் மனைவி மைதீன் பாத்திமா கேட்பாள்.

சாலோமிக்கு ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பதினாலு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். இலையை நிறுத்துத் தருகிறவன் தராசில் விரலை வைப்பான். சுற்றிக் கொண்டுபோன கட்டுகளில் நாலை 'கழிவு' என்று ஒதுக்குவான். பிறகு அந்தக் கழிவையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்வான். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு யார் மேல் நம்பிக்கை வரும்? கையைவிட்டுப் போகிற எந்தச் சாமானிலும் அடையாளம் போட்டுத்தான் அனுப்புவாள். அவர்கள் ஊர் வேதக்கோயிலில் வருடத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். ஊருக்கே பந்தி வைத்துச் சோறு போடுவார்கள். அதற்கு இரவல் கொடுக்கும் அண்டா, வாளி மாறிப் போகாமலிருக்க வீட்டுக்கு வீடு அடியில் பெயின்டால் எழுத்துப் போடுவது வழக்கம். சாலோமி அந்த வழக்கத்தை வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பெயின்டுக்குப் பதில் மகள் ஃபெபியின் நெயில்பாலிஷ். கேஸ் சிலிண்டர், குடை, தண்ணீர் கேன், புருஷன் வண்டியின் டயர் எல்லாவற்றிலும் யார் கண்ணிலும் படாத இடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி இருக்கும்.

புருஷன் ஜெபஸ்டின் பிக்கப் ஓட்டினான். கல்யாணத்துக்கு முன்னால் குடித்தவன், பிறகு தொடாதவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பின்சக்கரங்களுக்கு இரண்டு டயர் வேண்டும் என்று என் கடைக்கு வந்தான். பிக்கப்புக்கு உரிய டயர் அன்றைக்கு என்னிடம் இல்லை. அதே சைசில் காருக்குப் போடுகிற டயர் இருந்தது. ரிம்மில் கச்சிதமாக உட்காரும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான். வித்தியாசம் பக்கவாட்டில், சைசுக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கிற ஓர் எண்ணில். அந்த எண் டயர் தாங்கும் எடையைச் சொல்வது. அவன் வண்டிக்கு வேண்டியது 110, என்னிடம் இருந்தது 100. 110 என்றால் ஒரு டயர் ஆயிரத்து அறுபது கிலோ தாங்கும். 100 என்றால் எண்ணூறுதான். ஜோடிக்குக் கணக்குப் பார்த்தால் ஐந்நூற்றிருபது கிலோ குறைவு. ஐம்பது கிலோ மூட்டையாக அரிசியை வைத்தால் பத்து மூட்டைக்கு மேல்.

"ரெண்டும் ஒண்ணுதானா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"சைசு ஒண்ணு, ரிம்மு ஒண்ணு. பெறவு என்னவே வித்தியாசம்?" என்றேன். திருப்பி அனுப்பினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவானே என்பதுதான் என் மனசில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், அசனம் வந்தது. பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்த காணிக்கை அரிசியை ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் என் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். பின்பக்கம் தரையைத் தட்டுகிற மாதிரி இறங்கியிருந்தது. எத்தனை மூட்டை என்றேன்.

"தெரியல அண்ணாச்சி. காணிக்கை அரிசியை எண்ணவும் மாட்டோம், நிறுக்கவும் மாட்டோம்" என்றான்.

அது அவர்கள் ஊர் ஏற்பாடு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்தால் ஒருத்தருக்குப் பெருமையும் இன்னொருத்தருக்குக் குறைவும் ஆகிவிடும் என்று வைத்தது. நல்ல ஏற்பாடுதான், டயருக்கு அது தெரியாதே! டயர் பிதுங்கி நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். 'மூட்டையை இறக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். சாமி காரியத்துக்குப் போகிற அரிசி, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல், வெயில் காலம் ஆயிற்றே என்று ஐந்து பாயிண்ட் காற்றையும் இறக்கினேன். வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகளில் அப்படித்தான் செய்வோம். பாரத்தோடு ஓடும்போது காற்றுக் குறைந்த டயர்தான் மடங்கி மடங்கிச் சூடேறிச் சாகும் என்று பிற்பாடு சாலோமி வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீரவநல்லூரைத் தாண்டி இடது பின்டயர் வெடித்தது. வண்டி கால்வாயில் கவிழ்ந்தது. அரிசியெல்லாம் தண்ணீரில் போயிற்று. ஜெபஸ்டினுக்கு வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது.

அசனக் கமிட்டிச் செயலாளர் கிருபைராஜ், "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஊருக்குச் சீட்டு எதற்கு? பழைய குடிகாரன், அது போதும். அதுவரை அசனப் பந்தியில் முதல் வாளிச் சோறு ஜெபஸ்டின் கையால்தான் பரிமாறப்படும். பரிமாறுகிறவர்களிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். கால் ஒருவழியாகக் கூடியது. அவன் கோயிலுக்குப் போவதையும் விட்டான், வெளியே இறங்குவதையும் விட்டான். மகளுக்குச் சடை பின்னிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் போயிருக்கும். சொல்லவில்லை.

நொறுங்கிய வண்டி பேட்டையிலேயே ஒரு காயலான் கடைக்கு வந்து சேர்ந்தது. வெடித்த டயர் நார்நாராகப் போயிருந்தாலும் அதன் ஜோடி முழுசாக இருந்தது, 100 என்கிற எண்ணோடு. வேறொரு டயரைக் கொடுத்து அதை வாங்கி வந்தேன். விற்கலாமென்றால் இன்னொருத்தன் கவிழ்வான். எரிக்கலாமென்றால் புகை ஊருக்கே தெரியும். கடைசியில் வெள்ளை பெயின்ட் அடித்து, சிவப்பில் 'காற்று' என்று எழுதி, ரோட்டோரம் வேப்பமரத்தில் சாய்த்து வைத்தேன். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள்? கடைக்குக் கடை இப்படி ஒரு டயர் நிற்கிறது. எவன் திருப்பிப் பார்க்கப் போகிறான்?

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை பழைய பிக்கப் ஒன்று வந்து அந்த டயரை ஒட்டி நின்றது. இறங்கியது சாலோமி! லைசென்ஸ் எடுத்து, ஊர் சிரிக்கச் சிரிக்க ஓட்டிப் பழகி, அம்பாசமுத்திரம் மில் அரிசியைப் பேட்டைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது மாட்டுத் தீவனம் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறாள்.

"காத்து அடிக்கணுமா தாயி?"

"அடிக்கணும் அண்ணாச்சி. டயரு ஆறட்டும்."

"ஆறட்டுமா? அது என்ன காப்பியா?"

"ஓடி வந்த சூட்டுல மீட்டரு கூடத்தான் காட்டும். அதை நம்பிக் காத்தை இறக்குனா, ஆறினதும் கொறைஞ்சு போயிரும்லா? மூணு மணி நேரம் நிக்கட்டும். நான் இங்கன இருக்கேன்."

இருந்தாள். வேப்பமரத்தடியில், அந்த டயருக்குப் பக்கத்தில், என் கடையைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் இருந்தாள். எதற்காக இந்தக் கடை? வழியில் வேறு கடையே இல்லையா? டயரைப் பார்க்கிறாளா, என்னைப் பார்க்கிறாளா? அன்றைக்கு நான் ஒரு பஞ்சரை இரண்டு தடவை ஒட்டினேன்.

டயர் ஆறியதும் ஜிப் வைத்த பழைய பைபிள் உறையைத் திறந்தாள். உள்ளே வேதப்புத்தகம் இல்லை, காற்று மீட்டர் இருந்தது. நான் அடித்த பிறகு அவள் வைத்துப் பார்த்தாள்.

"உங்க மீட்டரு பொய் சொல்லுது அண்ணாச்சி."

"ஏம்மா, இருபது வருஷமா இந்த மீட்டருதான்!"

"அப்ப இருபது வருஷமாப் பொய் சொல்லுது."

ரத்தம் தலைக்கு ஏறியது. மறுநாள் வேறு மூன்று மீட்டரோடு வைத்துப் பார்த்தேன். சவத்து மூதி, நாலு பாயிண்ட் கூடத்தான் காட்டியது. புதுசு வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து வாராவாரம் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல்தான். ஒரு வாரம் டயரில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடிக்கப் போனேன். கையைத் தடுத்தாள். "அது டயரு தாங்குத மட்டு. வண்டிக்கு எம்புட்டு வேணுமோ அது கதவுலதான் ஒட்டியிருக்கு. முன்னால வேற, பின்னால வேற. பாரத்தோட போகும்போது பின்னால அறுபது." கதவைத் திறந்து காட்டினாள். அந்தச் சின்னத் தாளை இத்தனை வருடத்தில் நான் குனிந்து வாசித்ததே இல்லை. இன்னொரு வாரம் சக்கரத்து நட்டை எண்ணினாள். ஸ்டெப்னியை நான் மாற்றிவிடுவேன் என்று அதற்கும் மூன்று புள்ளி.

இரண்டாவது வருடம் ஒரு நாள், புது டயரைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இதுல நூத்திப்பத்துன்னு போட்டிருக்கே, எத்தனை கிலோ அண்ணாச்சி?"

"ஆயிரத்தறுவது."

"நூறுன்னு போட்டிருந்தா?"

"எண்ணூறு" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான். அந்த 'ம்' ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம் வெள்ளையடிக்க அந்த டயரைத் திருப்பினேன். பின்பக்கத்தில் விரல்நுனி அளவுக்குப் பெயின்ட் சுரண்டப்பட்டிருந்தது. ஆடு உரசியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பார்க்காமலே மேலே பூசினேன். மறு வருடமும் அதே இடத்தில் சுரண்டியிருந்தது. எந்த ஊர் ஆடு வருடா வருடம் ஒரே இடத்தில் உரசும்? பாத்திமாவிடம் சொல்லிவிட்டேன்.

"அடுத்தவன் மானம் உங்க கடை வாசல்ல நிக்கி. அது அவுகளுக்கு உரிய ஹக்கு. திருப்பிக் குடுங்க" என்றாள்.

"கடையை மூடிரவா?" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இந்த வருட அசனத்துக்கு அரிசி ஏற்ற வேறு வண்டி கிடைக்கவில்லை. கிருபைராஜ் சாலோமியைக் கூப்பிட்டிருக்கிறார். அவளும் சரி என்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் ஏற்றிக்கொண்டு வந்தவள், யாரையும் கேட்காமல் வழியில் எடை மேடையில் வண்டியை ஏற்றிச் சீட்டு வாங்கிவிட்டாள். என் கடைக்கு வந்து நிறுத்தினதும் பின்னாலேயே பைக்கில் கிருபைராஜ் வந்து குதித்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, வியர்வை ஆறாக ஓடுகிறது.

"ஏளா, கர்த்தருக்குக் குடுத்ததை எடை மேடையில ஏத்துதியே, உனக்குப் பயமே கிடையாதா?"

"யாரு எம்புட்டுக் குடுத்தாகன்னு நான் நிறுக்கல. வண்டியத்தான் நிறுத்தேன். அறுநூறு கிலோ கூட இருக்கு. பன்னெண்டு மூட்டைய இறக்கணும்."

"குடிகாரன் பொண்டாட்டி எங்களுக்கு எடை சொல்லித் தாராளோ!"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது சொல்லுதீயளா?"

கையிலிருந்த காற்றுக் குழாய் நழுவிக் கீழே விழுந்தது. அவள் பைய நடந்துபோய் வெள்ளை டயரைத் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். பெயின்டுக்கு அடியில் மூன்று சிவப்புப் புள்ளி.

"ஃபெபியோட நெயில்பாலிசு. புது டயரு மாட்டிட்டு வந்த அன்னைக்கே நான் வச்ச அடையாளம். நாலு வருசமா எனக்குத் தெரியும்."

"பெறவு ஏன்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? சாலோமி எல்லாரையும்தான் சந்தேகப்படுதா, அதுலயும் புருசனுக்காகப் பேசுதான்னு சொல்லிருவாக. வித்த ஆளு சொன்னாத்தான் ஊரு நம்பும். அதுக்குத்தான் வாரா வாரம் வந்து உக்காந்தேன். இன்னைக்குச் சொல்லுவீக, நாளைக்குச் சொல்லுவீகன்னு பாத்தேன்."

கிருபைராஜ் ஒன்றும் விளங்காமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாலோமி ஆள் கூப்பிட்டுப் பன்னிரண்டு மூட்டையை என் கடைக்குள் இறக்க வைத்தாள். "இது நாளைக்குக் காலையில நீங்க உங்க வண்டியில கொண்டுவாங்க. வரும்போது அதையும் தூக்கிட்டு வாங்க" என்று டயரைக் காட்டினாள். டயர் ஆறும்வரை இருந்து, மிச்ச லோடுக்குக் கதவுத்தாள் பார்த்துக் காற்று சரியா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அன்றைக்குப் பூராவும் எனக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டிருந்தான். ஆள் வைத்து மூட்டையை மட்டும் அனுப்பலாம். டயரைக் காலையிலேயே வெட்டிப் போடலாம். அவள் பேச்சு செல்லாது என்று அவளே சொல்லிவிட்டாளே! மறுநாள் விடிந்ததும் பாத்திமா வாசலில் நின்றாள். டயரை அவளே உருட்டிக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். புடவையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.

கோயில் காம்பவுண்டில் பந்தல், புகை, வரிசையாகக் கொப்பரைகள். சோறு வடிக்கிற வாசனை. முந்நூறு பேருக்குக் குறையாது. மூட்டைகளை இறக்கின பிறகு டயரை உருட்டிக்கொண்டு பந்தல் நடுவே போனேன். தொப்பி வைத்த ஒருத்தன் டயர் உருட்டிக்கொண்டு வந்தால் எல்லோரும் பார்க்கத்தானே செய்வார்கள்? கிருபைராஜ் ஓடி வந்தார்.

"பாய், இது எங்க சபை விசயம்."

"டயரு என் விசயம்வே!" என்று போட்ட சத்தத்தில் மைக்கே தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எண்ணூறு கிலோ டயரை ஆயிரத்தறுபது கிலோ டயர் என்று மாட்டியது, பிதுங்கி நின்றதைப் பார்த்தும் அனுப்பியது, காற்றை வேறு இறக்கியது, ஜோடி டயரை வாங்கிவந்து வெள்ளையடித்தது, எல்லாம். "ஜெபஸ்டின் அன்னைக்கு என் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனான். ஒரு வாடையும் இல்ல. குடிகாரன்னு சொன்ன வாயெல்லாம் என்னைச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

அடுப்படியில் நின்ற ஒரு பெரியவர், "அன்னைக்கு எத்தனை மூட்டை ஏத்துனீக செயலாளரே?" என்று கேட்டார். "எண்ணலியே" என்றார் கிருபைராஜ். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஜெபஸ்டின் வீட்டுத் தெருவுக்கு நடந்தார். வாளியோடு தனியாகத்தான் திரும்பி வந்தார். ஜெபஸ்டின் வரவில்லை.

சாலோமி என்னிடம் வந்து, "இதை இங்கனயே போட்டுட்டுப் போங்க" என்று டயரைக் காட்டினாள். "திரும்பக் கொண்டுபோனா மறுபடியும் வெள்ளையடிச்சிருவீக."

திங்கட்கிழமை அதே நேரத்துக்கு அவள் வண்டி வந்தது. கூடவே இடதுபக்கக் கதவும் திறந்தது. ஜெபஸ்டின் இறங்கினான். நரைத்திருந்தான். கால் வளைந்திருந்தது. அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்; அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவன் மூன்று மணி நேரம் மரத்தடியில் இருந்தான். டயர் ஆறியதும் மீட்டரை வாங்கி, கஷ்டப்பட்டுக் குனிந்து வைத்துப் பார்த்தான்.

"அம்பத்தெட்டு. ரெண்டு கொறையுது அண்ணாச்சி."

அடித்தேன். நிமிராமலே அவன் பேசினான்.

"அன்னைக்கு மொதல்ல எதிர்க்கடையிலதான் கேட்டேன். இதே நூறு நம்பர் டயருதான் அவுகட்டயும் இருந்துச்சு. இது உன் வண்டிக்கு ஆகாதுன்னு சொல்லித் திருப்பி விட்டுட்டாக. எதுக்கும் கனி அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு வந்தேன். அவுகளை நம்பல, உங்களத்தான் நம்புனேன். ஒருத்தர் ஆகாதுன்னு சொல்லியும் கேக்காம மாட்டுனதை யாருட்டப் போயி சொல்ல? அதான் இத்தனை வருசமா வாயத் தொறக்கல."

நான் காற்றுக் குழாயைப் பிடித்தபடியே நின்றேன். சாலோமி அவன் கையிலிருந்து மீட்டரை வாங்கி, குனிந்து, இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.